கேனோ, கயாக் ஸ்பிரிண்ட்: கரையிலிருந்து பந்தயத்தைப் படிப்பது

பெரிய விளையாட்டு விழாக்களுக்குப் போகும் நம் ஆட்கள் தடகளம், ஹாக்கி, பாட்மின்டன் என்றுதான் டிக்கெட் தேடுவார்கள். துடுப்புப் பந்தயம் பட்டியலின் அடியில் கிடக்கும். “தூரத்துல ஏதோ எட்டுப் படகு வருது, யார் எவர்னு தெரியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு” என்பது ஒருமுறை போய்வந்தவர்களின் வழக்கமான புகார். புகாரில் நியாயம் இருக்கிறது. இந்தப் பந்தயத்தில் எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் ருசிக்கும். சுருக்கமாகச் சொன்னால், யார் முன்னால் போகிறார் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இரண்டு துடுப்பு வீச்சுகளுக்கு நடுவில் யாருடைய படகு வேகம் குறையாமல் ஓடுகிறது என்று பாருங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற எல்லாமே அதற்கான தயாரிப்புதான்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து எடுத்திருக்கிறேன். இந்தியாவுக்குப் பதக்கம் கிடைத்த இடம் என்பதால் ஹாங்சோ ஆசிய விளையாட்டும் இடையிடையே வரும்.

டிக்கெட் எடுக்கும் முன்

முதல் குழப்பம் டிக்கெட்டிலேயே தொடங்கிவிடும். பாரிஸில் ரோயிங், கேனோ ஸ்லாலோம், கேனோ ஸ்பிரிண்ட் மூன்றும் நகரத்துக்குக் கிழக்கே உள்ள வேர்-சூர்-மார்ன் நீர் விளையாட்டு அரங்கில்தான் நடந்தன. ரோயிங்கும் ஸ்லாலோமும் விழாவின் முற்பகுதியில். ஸ்பிரிண்ட் ஆகஸ்ட் 6 முதல் 10 வரை, அதாவது விழா முடிய ஒரு நாள் இருக்கும்வரை. இடத்தின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தால் வேறு விளையாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்றையும் பிரித்தறிவது எளிது. ரோயிங்கில் வீரர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள், துடுப்பு படகோடு பிணைக்கப்பட்டிருக்கும். கேனோவிலும் கயாக்கிலும் போகும் திசையைப் பார்த்து இருப்பார்கள், துடுப்பு கையில் மட்டுமே இருக்கும். ஸ்லாலோம் என்பது நுரைத்துப் பாயும் தண்ணீரில், தொங்கவிட்ட கம்பங்களுக்கு நடுவே புகுந்து வெளிவரும் ஆட்டம். ஸ்பிரிண்டுக்கு வேண்டியது அசையாத தண்ணீரும் நேர்க்கோடும்.

ஆசிய விளையாட்டில் இன்னொரு சிக்கல், டிராகன் படகுப் போட்டி. பாரம்பரியமான அந்த நீளப் படகும் கேனோ குடும்பத்தின் கீழ்தான் வரும். ஆனால் ஹாங்சோ விழாவில் ஸ்பிரிண்ட் ஃபுயாங்கிலும் டிராகன் படகு வென்சோ என்ற வேறொரு நகரத்திலும் நடந்தன. போட்டிப் பட்டியலும் ஒன்றுபோல் இருக்காது. ஆண்கள் இருவர் கேனோவில் 1000 மீட்டர் பாரிஸில் கிடையாது, 500 மட்டும்தான். ஹாங்சோவில் 1000 இருந்தது. போன விழாவின் பட்டியலை வைத்து இந்த விழாவுக்குத் திட்டம் போடாதீர்கள்.

பலகையில் வரும் எழுத்து

அறிவிப்புப் பலகையில் ‘கே-1’, ‘சி-2’ என்று வரும். கே என்றால் கயாக், சி என்றால் கேனோ. எண் எத்தனை பேர் என்பதைச் சொல்லும். பக்கத்தில் ஆண்களா பெண்களா என்பதும் தூரமும் இருக்கும். பாரிஸில் மொத்தம் 10 பதக்கப் போட்டிகள். ஆண்களுக்கு கே-1 1000, கே-2 500, கே-4 500, சி-1 1000, சி-2 500. பெண்களுக்கு கே-1, கே-2, கே-4 மூன்றும் 500, சி-1 200, சி-2 500. ஆண், பெண் இரு தரப்புக்கும் ஐந்தைந்து.

இந்தச் சமநிலை வெகு தாமதமாக வந்தது. கேனோ, கயாக் பந்தயம் 1924இல் பாரிஸிலேயே காட்சி விளையாட்டாக எட்டிப்பார்த்து, 1936 பெர்லினில் பதக்க விளையாட்டானது. பெண்களுக்கு 1948இல் ஒரே ஒரு கயாக் போட்டி கிடைத்தது. மண்டியிட்டு ஓட்டும் கேனோவில் அவர்களை ஒலிம்பிக்குக்குள் விட்டது டோக்கியோவில்தான், அதாவது 2021இல். இத்தனை ஆண்டுகள் ஏன் தள்ளிவைத்தார்கள் என்று கேட்டால் உருப்படியான காரணம் எதுவும் தேறாது.

உட்காருவதும் மண்டியிடுவதும்

படகுகள் அருகில் வரும்போது முதலில் கவனிக்க வேண்டியது உடம்பு இருக்கும் நிலை.

கயாக்கில் வீரர் சிறிய இருக்கையில் உட்கார்ந்து, கால்களை முன்னே நீட்டி, பாதங்களைக் குறுக்குக் கட்டையில் முட்டுக்கொடுத்திருப்பார். பாதங்களுக்கு நடுவே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். படகின் அடியில் உள்ள சுக்கான் அதன் சொல்படி கேட்கும். துடுப்புக்கு இரண்டு பக்கமும் அலகு. அலகு தட்டையாக இருக்காது, ஒரு ஓரம் மடிந்த கரண்டிபோல் குழிந்திருக்கும். 1980களில் வந்த வடிவம் இது. வந்த சில ஆண்டுகளிலேயே தட்டை அலகைப் பந்தயத்திலிருந்து விரட்டிவிட்டது. இந்த அலகைத் தண்ணீரில் நேராகப் பின்னால் இழுக்க மாட்டார்கள். படகை ஒட்டி இறங்கி, உடம்பைவிட்டு விலகி வெளிப்பக்கமாகப் போய் எழும்.

பலரும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் முழங்காலைப் பாருங்கள். வலப்பக்கம் துடுப்பு இறங்கும்போது வலது கால் கட்டையை உதைக்கும், இடது முழங்கால் எழும்பும். அடுத்த வீச்சில் நேர்மாறாக. இடுப்பும் முதுகும் அந்த உதையோடு சேர்ந்து திரும்பும். கயாக்கின் வேகம் காலில் பிறந்து இடுப்பு வழியாகத்தான் துடுப்புக்கு வருகிறது. தோளைக் குலுக்கிக் கையால் மட்டும் இழுப்பவர் எவ்வளவு கட்டுமஸ்தாக இருந்தாலும் கடைசி 200 மீட்டரில் பின்தங்கிவிடுவார்.

கேனோ வேறு ரகம். ஒரு முழங்கால் பஞ்சுத் திண்டின்மேல், மற்றொரு கால் முன்னே ஊன்றி, உடம்பை நிமிர்த்தி நிற்கும் நிலை. துடுப்புக்கு ஒரே அலகு, அதுவும் கடைசிவரை ஒரே பக்கத்தில்தான். சுக்கான் கிடையாது. ஒரே பக்கம் துடுப்பு போட்டால் படகு மறுபக்கம் திரும்பத்தானே வேண்டும், எப்படி நேராகப் போகிறது? விடை ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இருக்கிறது. தண்ணீரைவிட்டு எழுவதற்குச் சற்று முன் அலகு லேசாகத் திரும்பி வெளியே தள்ளும். ஒரு நொடியில் சிறு பங்குதான். அந்தத் திருத்தம் இல்லாமல் நாலு வீச்சுகூடப் போக முடியாது. அதையே அதிகமாகச் செய்தால் படகுக்குப் பிரேக் போட்ட மாதிரி. தேர்ந்தவரின் படகில் அந்தத் திருத்தம் கண்ணுக்கே தெரியாது. தடுமாறுபவரிடம் துடுப்பு பின்னால் இழுபட்டுக்கொண்டே வருவது பார்வையாளர் மேடையிலிருந்தே தெரியும்.

இருவர் கேனோவில் பொதுவாக ஒருவர் இடம், மற்றவர் வலம். அதனால் திசைத் தொல்லை குறைவு, ஒத்திசைவுத் தொல்லை அதிகம்.

கே-1 படகின் நீளம் 5.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, எடை 12 கிலோவுக்குக் கீழ் இறங்கக் கூடாது. நால்வர் கயாக் 11 மீட்டர், 30 கிலோ. பந்தயம் முடிந்ததும் சில படகுகளைத் தராசில் ஏற்றுவார்கள். எடை குறைந்தால் வென்றது போச்சு. அகலத்தைப் பற்றிச் சொல்வதென்றால், பழக்கமில்லாதவர் ஒற்றைக் கயாக்கில் ஏறினால் துடுப்பைத் தண்ணீரில் வைக்குமுன்னே குப்புற விழுவார். ஆழம் பார்த்து ஆசைப்படுங்கள்.

தொடக்கம் முதல் கோடு வரை

படகுகள் தொடக்கக் கோட்டில் ஒழுங்காக நிற்க ஒரு கருவி உண்டு. ஒவ்வொரு லேனிலும் தண்ணீரிலிருந்து ஒரு தொட்டி போன்ற பிடிப்பு எழுந்து நிற்கும். படகின் முன்முனை அதற்குள் செருகிக்கொள்ளும். ‘ரெடி, செட்’ என்ற குரலுக்குப் பின் ஒலி கேட்டதும் அது தண்ணீருக்குள் அமிழ்ந்து வழிவிடும். ஒலிக்கு முன்பே துடுப்பு போட்டால் ஃபால்ஸ் ஸ்டார்ட். முதல் முறை எச்சரிக்கை, அதே படகு மறுபடி செய்தால் வெளியே.

தொடக்கத்துக்கு முன் சில கயாக் வீரர்கள் ரிவர்ஸில் போவதைப் பெரிய திரையில் பார்க்கலாம். சுக்கானில் பாசி சிக்கியிருந்தால் உதிர்வதற்காக அப்படிச் செய்வார்கள். ஒரு முழ நீளப் பாசி போதும், நாலு வருட உழைப்பை மூழ்கடிக்க.

ஒலி கேட்டதும் முதல் சில வீச்சுகள் நின்றிருக்கும் படகைக் கிளப்புவதற்கு. அதற்கப்புறம்தான் பந்தயத்தின் கணக்கு தூரத்துக்குத் தூரம் மாறும். 200 மீட்டரில் கணக்கே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு போவதுதான். 500இல் இரண்டு நிமிடத்துக்குள் கதை முடியும். தொடக்கத்தில் விட்டதைப் பிடிக்க நேரம் இருக்காது. 1000 மீட்டர்தான் ரசிகனுக்கு விருந்து. 250, 500, 750 மீட்டரில் இடைநேரங்கள் திரையில் வரும். முதல் கால் பகுதியில் எல்லோரும் பாய்வார்கள். இரண்டாவதில் மூச்சைச் சீராக்குவார்கள். மூன்றாவது கால் பகுதியைத்தான் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். தசையில் அமிலம் ஏறி உடம்பு நிறுத்தச் சொல்லும் இடம் அது. அங்கே யாருடைய நேரம் மிகக் குறைவாகச் சரிகிறதோ அவர் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாலும் அவர்மேல் கண் வையுங்கள்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். துடுப்பு தண்ணீரில் இருக்கும்போது படகு வேகம் பிடிக்கும், வெளியே இருக்கும்போது வேகம் குறையும். எல்லாப் படகுக்கும் இது பொது. ஒரே பக்கம் வீசும் கேனோவில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்முனை எழுந்து அமரும். நல்ல வீரரின் படகில் அந்த எழுச்சி முன்னோக்கி இருக்கும். களைத்தவரின் படகு மேலும் கீழும் குதிக்கும், தண்ணீர் தெறிக்கும், முன்னேற்றம் இருக்காது. களைப்பின் அடையாளங்கள் இன்னும் உண்டு. மேலே இருக்கும் கை முகத்துக்குக் கீழே இறங்கும். அலகு முழுதாக அமிழுமுன் இழுப்பு தொடங்கும். பார்வைக்கு வேகவேகமாகத் துடுப்பு போடுவதுபோல் இருக்கும், படகோ நகராது. வர்ணனையாளர் “வேகத்தைக் கூட்டிவிட்டார்” என்று கத்தினாலும் நம்பாதீர்கள், துடுப்பின் வேகம் வேறு, படகின் வேகம் வேறு. ஆண்கள் கே-1 1000இல் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் வீச்சுகள் விழும். கேனோவில் ஏறக்குறைய அதில் பாதி. எண்ணிப் பார்ப்பது கடினமில்லை, பத்து நொடிக்கு எண்ணி ஆறால் பெருக்குங்கள்.

நால்வர் கயாக் வந்தால் மற்றதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். முன்னால் இருப்பவர் தாளம் வைப்பார், சுக்கானும் அவர் காலில்தான். இரண்டாமவர் அந்தத் தாளத்தைப் பின்னால் கடத்துவார். கடைசி இருவர் உந்துசக்தி. நான்கு பேரின் எட்டு அலகும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடுகின்றனவா என்பதே கேள்வி. ஒருவர் இமைப்பொழுது தாமதித்தாலும் 11 மீட்டர் படகு நெளிவது தெரியும். ஆண்கள் நால்வர் கயாக்கில் ரியோ, டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் தங்கம் ஜெர்மனிக்குத்தான். பாரிஸில் 500 மீட்டரை 1 நிமிடம் 19.80 நொடியில் முடித்தார்கள். மணிக்கு 22 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் நின்ற நிலையிலிருந்து கிளம்பி. எஞ்சின் கிடையாது, காற்றுப்பாய் கிடையாது.

முன்னால் போகும் படகு கிளப்பும் அலையில் பக்கத்துப் படகு ஒட்டிக்கொண்டு சுலபமாகப் போக முடியும். நெடுந்தூர மராத்தான் பந்தயத்தில் அது தந்திரம், ஸ்பிரிண்டில் குற்றம். அதனால்தான் லேன் ஒவ்வொன்றும் 9 மீட்டர் அகலம், நடுவிலேயே போக வேண்டும் என்று விதி.

கோட்டில் கணக்கு எடுப்பது படகின் முன்முனைக்கு. எல்லோரும் படகுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதன் அருமையை பிரேசிலின் இசாகியாஸ் கெய்ரோஸிடம் கேட்க வேண்டும். 2014 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் சி-1 1000 மீட்டரில் முன்னணியில் வந்தவர், கோட்டைத் தொடும் தூரத்தில் தண்ணீருக்குள் விழுந்தார். பதக்கம் போனது. அதே ஆள் 2016 ரியோவில் மூன்று பதக்கம் வாங்கினார். ஒரே ஒலிம்பிக்கில் மூன்று வாங்கிய முதல் பிரேசில்காரர் அவர்தான். டோக்கியோவில் 1000 மீட்டர் தங்கம், பாரிஸில் வெள்ளி.

கடைசி வீச்சில் கேனோ வீரர்கள் இடுப்பை முன்தள்ளிப் படகைத் தங்களுக்கு முன்னால் எறிவார்கள். முன்முனை ஒரு சாண் கூடுதலாகப் போகும், ஆள் நிலைகுலைவார். கோட்டைத் தாண்டியதும் சிலர் தொபுக்கென்று தண்ணீரில் விழுவது இதனால்தான், அதற்குள் கணக்கு முடிந்துவிட்டிருக்கும். அந்த ஒரு சாண் எவ்வளவு மதிப்புள்ளது? பாரிஸில் பெண்கள் சி-1 200 மீட்டர் இறுதியைப் பாருங்கள். கனடாவின் கேட்டி வின்சென்ட் 44.12 நொடி. அமெரிக்காவின் நெவின் ஹாரிசன் 44.13. டோக்கியோவில் 19 வயதில் இந்தப் போட்டியின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியவர் ஹாரிசன். அந்த வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது சுமார் நாலரை சென்டிமீட்டர். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. இதைவிட நெருங்கியதும் உண்டு. ரியோவில் ஆண்கள் கே-1 200இல் ஸ்பெயினின் சவுல் கிராவியோட்டோவையும் ஜெர்மனியின் ரொனால்ட் ரவுஹேயையும் ஃபோட்டோ ஃபினிஷாலும் பிரிக்க முடியவில்லை, இருவருக்கும் வெண்கலம் கொடுத்தார்கள்.

காற்றும் நேரமும்

தடகளத்தில் பழகியவர்கள் ‘உலக சாதனை’ என்ற சொல்லை எதிர்பார்ப்பார்கள். இங்கே அந்தச் சொல்லைத் தவிர்த்து ‘உலகின் சிறந்த நேரம்’ என்றுதான் சொல்கிறார்கள். பின்காற்று அடித்தால் நேரம் சரசரவென்று குறையும், எதிர்க்காற்றில் அதே ஆட்கள் பல நொடி கூடுதலாக எடுப்பார்கள். தண்ணீரின் ஆழமும் வெப்பமும்கூடப் பங்கு கேட்கும்.

பக்கக் காற்று இதைவிட மோசம். கயாக்கில் சுக்கான் சமாளித்துக்கொள்ளும். கேனோவில் இடக்கையர், வலக்கையர் இருவருக்கும் ஒரே காற்று ஒரே மாதிரி இராது, ஒருவருக்கு உதவும், மற்றவரை ஒவ்வொரு வீச்சிலும் திருத்தம் செய்யவைத்தே கொல்லும். ஆகவே போனதும் முதலில் கொடிகளைப் பாருங்கள். அடுத்து எந்த வீரர் எந்தப் பக்கம் துடுப்பு வைத்திருக்கிறார் என்று பாருங்கள். தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவர்களுக்கு நடு லேன்கள் கிடைக்கும். கரையில் மரமோ மேடையோ காற்றைத் தடுத்தால் ஓர லேன்காரருக்கு யோகம் அடிப்பதும் உண்டு.

பாரிஸில் செக் நாட்டின் மார்ட்டின் ஃபுக்ஸா தனி ஆளாக 1000 மீட்டரை 3:43.16இல் ஓட்டித் தங்கம் வாங்கினார். ஹாங்சோவில் நம் இருவர் கேனோ அதே தூரத்தை 3:53.329இல் ஓட்டி வெண்கலம் வாங்கியது. இரண்டு ஏரி, இரண்டு நாள், இரண்டு காற்று என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. அதற்காக, இருவர் படகு தனிப்படகைவிட மெதுவாக வந்ததற்குக் காற்று மட்டுமே காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் சரியில்லை. ஐரோப்பாவுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி பெரிது.

எங்கே உட்காருவது

ரோயிங்குக்கும் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் நேர்த்தண்ணீர் தேடுவதால் இந்த அரங்கங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். லண்டனில் டார்னி, பாரிஸில் வேர்-சூர்-மார்ன். ரியோவின் ரோட்ரிகோ டி ஃப்ரெய்டாஸ் ஏரி போல நகரின் நடுவே அமைவது அபூர்வம். ரயிலிலிருந்து இறங்கி நடக்கவோ சிறப்புப் பேருந்துக்கு வரிசையில் நிற்கவோ வேண்டியிருக்கும். காற்று கிளம்புமுன் முடிக்கப் பார்ப்பதால் பந்தயம் காலையிலேயே தொடங்கிவிடும். தாமதமாகப் போனால் அரையிறுதிகள் போய்விடும். நிழல் சொற்பம். தண்ணீரில் பட்டு வரும் வெயில் கண்ணையும் கழுத்தையும் எரிக்கும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே இருக்கை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒன்றை மனதில் வையுங்கள். சாய்கோணத்திலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும், கிட்டத்து லேன் படகு முன்னால் இருப்பதுபோலவோ பின்தங்கியதுபோலவோ தோன்றும். கூட்டம் முழுக்க ஒருவரை ஜெயித்தவர் என்று ஆரவாரிக்க, பலகை வேறு பெயரைக் காட்டுவது இதனால்தான். எனக்குப் பிடித்தது கோட்டுக்கு ஐம்பது, நூறு மீட்டர் முன்னால் உள்ள இருக்கை. முகங்கள் அங்கேதான் தெரியும், உடம்பு கைவிடுவதும் அங்கேதான். யார் வென்றார் என்பதைப் பெரிய திரை சொல்லிவிடும்.

தகுதிச் சுற்றில் முதலில் வந்தவரைப் பார்த்துப் பந்தயம் கட்டாதீர்கள். அடுத்த சுற்றுக்குப் போகும் இடம் உறுதி என்று தெரிந்ததும் பெரிய வீரர்கள் துடுப்பைத் தளர்த்திவிடுவார்கள். காரணம், ஒரே ஆள் பல படகில் ஏறுவதுண்டு. நியூசிலாந்தின் லிசா கேரிங்டன் பாரிஸில் ஆகஸ்ட் 8 அன்று நால்வர் படகு, 9 அன்று இருவர் படகு, 10 அன்று தனிப்படகு என்று அடுத்தடுத்த மூன்று நாளில் மூன்று தங்கம் வாங்கினார். அத்தனை சுற்றுகளிலும் முழு மூச்சைச் செலவழித்திருந்தால் மூன்றாம் நாள் எழுந்திருக்கவே முடியாது. அவருடைய ஒலிம்பிக் தங்கம் மொத்தம் எட்டு. ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் 1980 முதல் 2004 வரை வாங்கியதும் எட்டு. ஃபிஷர் முதல் தங்கத்தை 18 வயதிலும் கடைசித் தங்கத்தை 42 வயதிலும் வாங்கினார் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

இறுதிக்கு வராதவர்களுக்கு ‘பி இறுதி’ என்று ஒன்று நடக்கும். பதக்கம் கிடையாது என்பதால் கூட்டம் அந்த நேரத்தில் காபி வாங்கப் போகும். நீங்கள் போகாதீர்கள். அடுத்த விழாவின் பெயர்கள் பாதி அங்கேதான் இருக்கும்.

நம் ஆட்கள்

ஆசிய விளையாட்டில் கேனோ 1990 பெய்ஜிங்கில் சேர்ந்தது. 1994 ஹிரோஷிமாவில் ஜானி ரோமெல், சிஜி சதானந்தன் ஜோடி இருவர் கேனோ 1000 மீட்டரில் வெண்கலம் வாங்கியது. அடுத்த பதக்கத்துக்கு 29 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 3 அன்று ஹாங்சோவில் அதே போட்டியில், அதே வெண்கலத்தை அர்ஜுன் சிங்கும் மணிப்பூரின் சுனில் சிங் சலாமும் கொண்டுவந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா கேனோ 2016இல்தான் பாராலிம்பிக்கில் நுழைந்தது. அதில் நாம் வேகமாகவே பிடித்துக்கொண்டோம். டோக்கியோவில் இந்தியாவின் முதல் பாரா கேனோ வீராங்கனையாகக் களமிறங்கிய பிராச்சி யாதவ், ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் தங்கம் வாங்கினார்.

விமானம் ஏறுமுன் ஒருமுறை உள்ளூரில் பார்த்துப் பழகுவது நல்லது. தமிழ்நாட்டிலிருந்து கிட்டத்தில் இருப்பது ஆலப்புழை. இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டுப் பயிற்சி மையம் அங்கே இருக்கிறது. பாம்புப் படகுப் பந்தயம் நடக்கும் அதே புன்னமடைக் காயலில் கயாக்குகளும் ஓடும். வடக்கே போகிறவர்களுக்கு போபால் ஏரிகள். பயிற்சியில் ஓடும் ஒற்றைக் கேனோவைப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் பார்த்தால், அந்த வீச்சு முடிவுத் திருத்தம் என்னவென்று பிடிபட்டுவிடும். பிறகு டிவியில்கூடத் தெரியும்.

அடுத்த ஒலிம்பிக் 2028 லாஸ் ஏஞ்சலஸில். ஸ்பிரிண்ட் நடக்கப்போவது லாங் பீச் மரைன் ஸ்டேடியத்தில், 1932 ஒலிம்பிக் ரோயிங்குக்காக உருவாக்கிய அதே நீர்த்தடத்தில். ரோயிங்கும் அங்கேயேதான். அந்தத் தடம் 2000 மீட்டருக்குப் போதாது என்பதால் ரோயிங் தூரத்தை 1500 ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் மறுபடி இரண்டு விளையாட்டு என்பதால், டிக்கெட்டில் ‘கேனோ ஸ்பிரிண்ட்’ என்று இருக்கிறதா, அன்று அரையிறுதியும் இறுதியும் சேர்ந்து இருக்கின்றனவா என்ற இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.